‘நிமிடத்துக்கு 1000 லிட்டர், 30 மீட்டர் ஹெட்’: இந்த ஸ்டிக்கரை நம்பி இன்ஜின் பம்ப் வாங்காதீர்கள்

குட்டையில் தேங்கிய தண்ணீரை இறைத்து வெளியேற்ற, தூக்கிச் செல்லக்கூடிய 3 இன்ச் பெட்ரோல் இன்ஜின் பம்ப் ஒன்று வாங்கியதில் நடந்த ஏமாற்று இது. விற்றவர் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே வித்தையை வேறு யார் உங்களிடம் காட்டினாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம்.

பம்பின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்தவை: 7 ஹெச்.பி., நிமிடத்துக்கு 1000 லிட்டர், 30 மீட்டர் ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்), 8 மீட்டர் சக்ஷன் (கீழிருந்து உறிஞ்சும் ஆழம்). தேவை அவ்வளவு பெரிதல்ல. பம்ப் உட்காரும் கரையிலிருந்து நீர்மட்டம் 4.5 மீட்டர் கீழே. கரையிலிருந்து 3 மீட்டர் மேலே ஏற்றி, 60 மீட்டர் தள்ளிக் கொட்ட வேண்டும். “30 மீட்டர் தள்ளுற மெஷினுக்கு இதெல்லாம் ஜுஜுபி” என்றுதான் விற்றார்கள். பம்பை வைத்து ஓட்டி, தண்ணீர் வெளியேறும் டெலிவரி முனையில் 200 லிட்டர் டிரம் வைத்துப் பார்த்தால் நிறைய 38 விநாடி ஆனது. அதாவது நிமிடத்துக்குச் சுமார் 316 லிட்டர். சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

முதலில் அந்த ஸ்டிக்கர் கணக்கையே பார்ப்போம். 1000 லிட்டர் என்பது ஏற்றமே இல்லாமல், குட்டையான ஹோஸில் கிடைக்கும் உச்ச அளவு. 30 மீட்டர் என்பது தண்ணீர் அதற்கு மேல் ஏறவே ஏறாமல் நின்றுவிடும் உயரம். அந்த உயரத்தில் வரத்து பூஜ்யம். இரண்டும் ஒரே நேரத்தில் எந்தப் பம்பிலும் கிடைக்காது. நல்ல தயாரிப்பாளர்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு உயரத்திலும் எவ்வளவு வரும் என்று ஒரு வளைகோடு தருவார்கள். அது இல்லாமல் இரண்டு உச்ச எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்துவிட்டு, இரண்டும் சேர்ந்தே வரும் என்று வாயால் சொல்லி விற்பதுதான் ஏமாற்று.

காகிதத்திலேயே இதைப் பிடித்துவிடலாம். விநாடிக்கு எத்தனை லிட்டர், அதை எத்தனை மீட்டர், இரண்டையும் பெருக்கி 75-ஆல் வகுத்தால் தண்ணீரைத் தூக்க மட்டும் வேண்டிய ஹெச்.பி. வரும். நிமிடத்துக்கு 1000 லிட்டர் என்றால் விநாடிக்கு 16.7. 30 மீட்டரால் பெருக்கி 75-ஆல் வகுத்தால் 6.7 ஹெச்.பி. இவ்வகைச் சிறிய பம்பில் இன்ஜின் தரும் சக்தியில் பாதி தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தாலே நல்லது. ஆக இன்ஜின் 13 ஹெச்.பி.க்கு மேல் வேண்டும். ஸ்டிக்கரிலோ 7.

அந்த 7-உம் உண்மையில்லை. இந்த வகைப் பம்புகளில் பரவலாக இருக்கும் 4 ஸ்ட்ரோக் இன்ஜின்களில் 163 சிசி, 196 சிசி என்று இரண்டு உண்டு. இரண்டுக்கும் போர் (சிலிண்டரின் விட்டம்) 68 மில்லிமீட்டர்தான். ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) மட்டும் 45, 54 என்று மாறும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். 163 சிசி இன்ஜின் நிமிடத்துக்கு 3600 சுற்றில் தரும் நிகர சக்தி 5 ஹெச்.பி.யை ஒட்டித்தான், 196 சிசி ஐந்தரையை ஒட்டி. கவரில் ஒட்டிய ஸ்டிக்கர் எதற்கும் சாட்சியாகாது. இன்ஜின் பிளாக்கில் வார்த்தோ குத்தியோ இருக்கும் எண்ணைப் பாருங்கள். இங்கே வந்ததில் ஸ்டிக்கர் 7 ஹெச்.பி. என்றது, பிளாக் 163 என்றது.

அப்படியானால் கடையில் ஓட்டிக் காட்டியபோது மட்டும் எப்படிப் பீய்ச்சி அடித்தது? தொட்டியின் ஓரத்தில் பம்ப், சக்ஷன் உயரம் ஒரு முழம்கூட இல்லை, டெலிவரியில் இரண்டு மீட்டர் ஹோஸ். அப்படி வைத்தால் எந்தப் பம்பும் பீய்ச்சும். போதாததற்கு இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் திருகையும் திருகி வைத்திருந்தார்கள். ஆலையில் திருகின் மேல் வைத்த பெயின்ட் முத்திரை உடைந்து, பள்ளத்தில் ஸ்குரூடிரைவர் பட்டுப் பளபளப்பாக இருந்தது. சுற்றை 3600-லிருந்து 4200 ஆக்கினால் வரத்து 17 சதவீதம் கூடும், ஹெட் 36 சதவீதம் கூடும். ஆனால் இன்ஜின் மேல் விழும் சுமை ஏறக்குறைய 60 சதவீதம் கூடும். இந்தச் சின்ன இன்ஜின்களின் அலுமினியக் கனெக்டிங் ராட் அதைத் தாங்கிக்கொண்டு ஓட உண்டானதல்ல; ஒருநாள் உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பிளக் ஒயரில் சுற்றி வைத்தாலே சுற்றைக் காட்டும் டேகோமீட்டர் உண்டு. அதை வைத்துப் பார்க்காமல் டெமோவை நம்ப வேண்டாம்.

அடுத்தது ‘இலவசம்’ என்று கூடவே கட்டிக் கொடுத்த சாமான்கள். இவைதான் அதிகம் கெடுத்தன.

சக்ஷன் முனையில் மாட்டும் சல்லடையைக் கையில் எடுத்து ஓட்டைகளை எண்ணினால் 90. ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர். மொத்தத் திறப்பு 25 சதுர சென்டிமீட்டர். 3 இன்ச் ஹோஸின் வாயே 45 சதுர சென்டிமீட்டருக்கு மேல். ஹோஸை விடக் குறுகலான சல்லடை! அதிலும் நாலு இலை வந்து ஒட்டினால் பம்ப் மூச்சுத் திணறும். திறப்பு ஹோஸ் வாயைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் ஓட்டை என்றால் 360-க்கு மேல். கடையிலேயே நின்று எண்ணிப் பார்க்க வெட்கப்பட வேண்டாம்.

டெலிவரிக்கு 3 இன்ச் வாயை 2 இன்ச்சாகக் குறுக்கும் ஒரு ரிடியூசரும், 60 மீட்டர் 2 இன்ச் தட்டை ஹோஸும் கொடுத்திருந்தார்கள். “குழாய் சின்னதானா ஃபோர்ஸ் அதிகம்” என்ற விளக்கம் வேறு. முனையில் வேகம் கூடும் என்பது உண்மை, அளவு சரியும் என்பதைச் சொல்லவில்லை. நிமிடத்துக்கு 600 லிட்டர் போகும்போது, 100 மீட்டர் வழவழப்பான 3 இன்ச் ஹோஸ் சுமார் 6 மீட்டர் ஹெட்டை உராய்விலேயே விழுங்கும். அதே அளவு 2 இன்ச்சில் போனால் 45 மீட்டர் விழுங்கும். 30 மீட்டர்தான் உச்சம் என்ற பம்பால் அதைத் தள்ளவே முடியாது. தன்னால் முடிந்த அளவுக்கு வரத்தைக் குறைத்துக்கொள்ளும். பம்பின் வாய் எத்தனை இன்ச்சோ, ஹோஸ் அதற்குக் குறையவே கூடாது. தூரம் அதிகமென்றால் ஒரு அளவு பெரிதாகப் போட்டால் நல்லது.

சக்ஷன் ஹோஸை பம்போடு இணைக்கும் கப்ளிங்கில் ரப்பர் வாஷரே இல்லை. டெலிவரிப் பக்கம் வாஷர் இல்லாவிட்டால் தண்ணீர் ஒழுகும், கண்ணில் படும். சக்ஷன் பக்கம் ஒன்றும் ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அறிகுறி: தண்ணீர் விட்டு விட்டு, நுரையோடு வரும், இன்ஜின் சத்தம் ஏறி இறங்கும். ஒவ்வொரு இணைப்பாகக் கெட்டிக் கிரீஸை அப்பிக்கொண்டே போங்கள். எங்கே அப்பியதும் வரத்து சீராகிறதோ அங்கேதான் ஓட்டை. ஹோஸும் உள்ளே சுருள் வைத்த, கையால் நசுக்க முடியாத ரகமாக இருக்க வேண்டும். வெறும் ரப்பர் ஹோஸ் வெயிலில் இளகி, உறிஞ்சும்போது உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும்.

சல்லடையை மாற்றி, வாஷர் போட்டு, ரிடியூசரைக் கழற்றி 3 இன்ச் ஹோஸ் மாட்டியதும் அதே டிரம் 25 விநாடியில் நிறைந்தது. நிமிடத்துக்கு 480. இன்னும் குறைதான். பிறகுதான் பம்பின் வெளிக்கூடான கேஸிங்கைத் திறந்தது.

புதியது என்று விற்ற பம்ப். உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் இலைகளின் ஓரம் தேய்ந்து, கத்தி முனைபோல மெலிந்திருந்தது. எதிரே உள்ள வால்யூட்டில் (இம்பெல்லரைச் சூழ்ந்த உட்கூட்டில்) மணல் அரித்த வளைய வளையமான கோடுகள், அவற்றின் மேல் புதுப் பெயின்ட். நகத்தால் கீறினால் பெயின்ட் உரிந்து கீழே பள்ளம் தட்டுப்படும். இம்பெல்லருக்கும் வால்யூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மெல்லியதாக இருந்தால்தான் தள்ளிய தண்ணீர் திரும்பி வராது. அது அகன்றுவிட்டால் அதே தண்ணீரையே உள்ளுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். திறக்காமலே சில தடயங்கள் தெரியும்: கேஸிங் போல்ட் தலைகளில் ஸ்பேனர் கடித்த தடம், டிரெயின் பிளக்கின் இடுக்கிலும் படிந்த பெயின்ட், சைலன்சர் வாயில் விரல் விட்டால் ஒட்டும் கரி. ஆயில் டிப்ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள். பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீரைத் தடுக்கும் சீல் போய், தண்ணீர் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) வழியாக இன்ஜினுக்குள் இறங்கியிருக்க வாய்ப்புண்டு.

ரகமும் தவறு. “சேறு சகதி எல்லாம் இழுக்கும்” என்று விற்றது தெளிந்த தண்ணீருக்கான பம்ப். அதில் 6 மில்லிமீட்டருக்கு மேல் எதுவும் நுழைந்தால் சிக்கும். சேற்று நீருக்கான டிராஷ் பம்ப் 3 இன்ச் அளவில் 25 முதல் 30 மில்லிமீட்டர் கல்லைக்கூட விழுங்கி வெளியே தள்ளும். அதன் இம்பெல்லரில் அகலமான சில இலைகளே இருக்கும், அடைப்பை எடுக்க முன்மூடியைக் களத்திலேயே கழற்றலாம். சக்ஷன் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

புகார் சொன்னபோது வந்த பதில்: “டிரையா ஓட்டிட்டீங்க, சீல் போயிருக்கும், வாரன்டி கிடையாது.” இதற்குப் பதில் சீலிலேயே எழுதியிருக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடிய மெக்கானிக்கல் சீலில் ரப்பர் கருகி விறைத்திருக்கும், செராமிக் வளையத்தில் சூட்டு விரிசல் ஓடும். இங்கே ரப்பர் மெத்தென்று இருந்தது. வளையத்தில் இருந்ததெல்லாம் மணல் போட்ட வட்டக் கீறல்கள்தான். கழற்றும்போதே படம் எடுத்து வையுங்கள், துடைப்பதற்கு முன். அதற்காக டிரையாக ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. ‘செல்ஃப் பிரைமிங்’ (தானே உறிஞ்சி எடுப்பது) என்றால் தண்ணீரே ஊற்ற வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கேஸிங்கில் விளிம்பு வரை ஊற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். சில நிமிடங்களில் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டுக் காற்றுக் கசிவைத் தேடுங்கள்.

ஆயில் குறைந்தால் தானே நிற்கும் என்றார்கள். சென்சார் இருந்தது, அதன் ஒயர் இக்னிஷனோடு சேரவேயில்லை. முனையில் டேப் சுற்றி விட்டிருந்தார்கள். இன்ஜின் ஆயில் கொள்ளளவே 0.6 லிட்டர்தான். குளக்கரைச் சரிவில் சாய்ந்து நின்றால் அந்தக் கொஞ்சமும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். புது இன்ஜின் பெரும்பாலும் ஆயில் இல்லாமலே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் ஆயிலை 20 மணி நேரத்தில் மாற்ற வேண்டும்.

இவையெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். விற்றவர் கடைசியாகச் சொன்ன யோசனை உயிரையே பறிக்கிற விஷயம்: “இழுக்கலேன்னா பம்பைப் பள்ளத்துக்குள்ள இறக்கி வச்சு ஓட்டுங்க.” தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். பெட்ரோல் இன்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. கிணறு, குழி, ஆழமான வாய்க்கால், மூடிய கொட்டகை போன்ற இடங்களில் அது தேங்கும். இன்ஜினை நிறுத்த இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். இன்ஜினை நிறுத்திய பிறகும் அந்தக் காற்று உடனே வெளியேறிவிடாது. மேலே இருந்து உறிஞ்சுவதற்கு ஓர் எல்லை உண்டு: காற்றழுத்தம் தாங்குவது கடல்மட்டத்தில் 10.3 மீட்டர் நீர்த்தூண்தான். நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டினால் சக்ஷன் திணறும், மேடான ஊரில் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் குறையும். அதற்கும் ஆழத்தில் தண்ணீர் இருந்தால் மின்சார நீர்மூழ்கிப் பம்ப் போடுங்கள், அல்லது இன்ஜின் மேலே நிற்க, வளையும் ஷாஃப்ட் வழியாகக் கீழே தண்ணீருக்குள் சுழலும் பம்ப் வாங்குங்கள்.

வாங்கப் போகிறவர்கள் செய்ய வேண்டியது: உங்கள் இடத்தில் உள்ள சக்ஷன் உயரம், ஏற்றம், தூரம் மூன்றையும் டேப் பிடித்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ‘இந்த ஏற்றத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்’ என்று கேளுங்கள். பதில் வளைகோட்டிலிருந்து வர வேண்டும். உங்கள் இடத்தில், உங்கள் ஹோஸில், டிரம் வைத்துப் பார்த்த பிறகுதான் பாக்கிப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள். வரத்து சீரான பிறகே ஹோஸ் முனையை டிரம்முக்குள் திருப்பி, மூன்று முறை நேரம் பாருங்கள். 600 லிட்டர் பம்ப் என்றால் 200 லிட்டர் டிரம்முக்கு 20 விநாடி. பில்லில் இன்ஜின் எண், சிசி, ‘புதியது’ என்ற சொல், பேசிய வரத்தும் அதற்குரிய ஏற்றமும் எழுதியிருக்க வேண்டும். இங்கே கொடுத்த பில்லில் ‘வாட்டர் பம்ப் 1’ என்று மட்டுமே இருந்தது. அதனால்தான் சீலை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பதோடு அவர்கள் பேச்சை முடித்துக்கொள்ள முடிந்தது. தேய்ந்த இம்பெல்லர் இன்னும் அப்படியே உள்ளே இருக்கிறது.