கண்ணில்லா மீன் நன்று, கடைப்பேச்சு பாதி நன்று

ராமநாதபுரம் பஜார்ப் பக்கத்துக் கலர் மீன் கடையில், மூலைத் தொட்டியில் வெளிறிய ரோஸ் நிறத்தில் கண்ணில்லாத மீன்கள். "கேரளாக் கிணத்து மீனுண்ணே" என்றான் கடைப்பையன். இல்லை தம்பி, கோட்டயம் பக்கம் கிணறுகளில் கிடைப்பது விரல் நீளம்கூட வராத கெளுத்தி இனம். இது மெக்சிகோவின் சுண்ணாம்புக் குகைகளில் வாழும் டெட்ரா என்ற சிறு மீன். 1936-இல் அறிவியல் பெயர் பெற்றது. குஞ்சுக்குக் கண் முளைக்கத் தொடங்கும், பிறகு சிதைந்து தோல் மூடிவிடும். விலாவோரக் கோட்டில் உள்ள உணர்வு உறுப்புகளால் நீரசைவை அறிந்து கல்லையும் கண்ணாடியையும் ஒதுங்கிப் போகிறது. தீனி போட்டால் கண்ணுள்ள மீன்களை முந்துகிறது!

எங்கள் கீழக்கரை போர் தண்ணீர் கடின நீர், அதாவது சுண்ணாம்புச் சத்து மிகுந்தது, கரிப்பு வேறு. நியான் டெட்ரா தாங்கவில்லை. இந்தக் குகை டெட்ரா கடின நீருக்குப் பழகிய மீன். மழைநீர் கலந்து விட்டேன், நன்றாக இருக்கிறது. மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும் குணம் உண்டு, நீண்ட துடுப்புள்ள ஏஞ்சல் மீனோடு விடாதீர்கள். கடையில் இதை யாரும் சொல்லவில்லை.

தொட்டிகள் சுத்தம், பையில் ஆக்சிஜன் நிரப்பித் தருகிறார்கள். விலை மதுரையைவிடக் கூடுதல். ஞாயிறு மாலை மட்டும் போகாதீர்கள். கூட்ட அவசரத்தில் கடைப்பையன் வலைபோட்டுத் துரத்தியே மீனின் செதிலை உரித்துவிடுகிறான்.