பைப்பர் கப்பின் பெட்ரோல் மிதவை: கார்க்கை மாற்றியபின் சில வருட அனுபவம்

பைப்பர் ஜே-3 கப் என்ற பழைய இரண்டு இருக்கை விமானத்தில் பெட்ரோல் அளவைக் காட்ட டயல் கிடையாது. முன்கண்ணாடிக்கு எதிரே, டேங்க் மூடியின் நடுவிலிருந்து ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடிமுனையில் ஒரு கார்க் மிதவை. பெட்ரோல் குறையக் குறையக் கம்பி இறங்கும், அவ்வளவுதான். இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று தோன்றும்.

நான் ஓட்டும் 1946 மாடலில் கம்பி இறங்க மறுத்தது. இதன் 65 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்குச் சுமார் 15 லிட்டர் குடிக்கும். டேங்க் பிடிப்பதே 45 லிட்டர்தான். ஒரு மணி நேரம் பறந்து இறங்கினால் கம்பி நன்றாகவே கீழே வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூடியை விரலால் தட்டியதும் சடக்கென்று விழுந்தது.

முதலில் கம்பி வளைந்திருக்கும் என்றுதான் நினைப்போம். தட்டையான கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தோம், நேராகவே ஓடியது. மூடித் துளையில் பிசிறும் இல்லை. ஆனால் கம்பியைத் தொட்டால் பிசுபிசுவென்று பழுப்பாக ஏதோ ஒட்டியது. பெட்ரோல் நனைத்த துணிக்கு அது அசையவில்லை. ஆல்கஹால் தொட்ட துணியில் உடனே வந்துவிட்டது. அதோடு விஷயம் புரிந்தது.

பழைய கார்க்குக்கு அரக்கு வார்னிஷ் பூசியிருப்பார்கள். அரக்கு பெட்ரோலில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். எத்தனாலும் ஒரு ஆல்கஹால்தான். அது கலந்த பெட்ரோல் டேங்குக்குள் போனால் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கம்பியில் ஏறிக் காய்ந்து, துளையில் பிடித்துக்கொள்கிறது. எரிபொருள் வடிகட்டிக் கிண்ணத்திலும் பழுப்புச் செதில்கள் கிடந்தன. எஞ்சினுக்குப் போகும் வழி அது என்பதால் கம்பியை விட இதுதான் எனக்குக் கவலை தந்தது.

கம்பியைத் துடைத்தால் மட்டும் போதாது. பூச்சு போன கார்க் பெட்ரோலை உறிஞ்சித் தாழ மிதக்கும். அப்போது கம்பி உள்ளதை விடக் குறைவாகக் காட்டும். அது பரவாயில்லை, சீக்கிரம் இறங்கிவிடுவோம். மேலேயே சிக்கி நிற்கும் கம்பிதான் ஆளைக் கவிழ்க்கும்.

உரிமம் பெற்ற மெக்கானிக் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் நுரை மிதவை போட்டு லாக்புக்கில் பதிந்தார். அப்புறம் வாலைத் தூக்கி, பறக்கும்போது இருக்கும் மட்டத்தில் விமானத்தை நிறுத்தி, காலி டேங்கில் ஐந்தைந்து லிட்டராக ஊற்றிக் கம்பியில் புதிய குறிகள் போட்டோம். புது மிதவை பழையதைப் போலவே அமிழாது என்பதால் பழைய குறிகளை நம்பக் கூடாது. வால் தரையில் இருக்கும்போது இந்தக் குறிகள் பொருந்தாது. புறப்படுமுன் அளவுகோல் விட்டுப் பார்ப்பது தனி வேலை.

மிதவை இன்றுவரை ஊறவில்லை, கம்பியும் சிக்கவில்லை. துளை வழியாக மழைநீர் இறங்குகிறதே என்று சிலர் கிரீஸ் வைத்து அடைக்கச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். டேங்குக்குக் காற்று போவதும் அந்தத் துளை வழியாகத்தான். அடைத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் இறங்காது. நிறுத்தியிருக்கும்போது மூடிக்கு மேல் உறை போட்டு, பறக்குமுன் வடிகட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பறக்கும்போது நான் கம்பியின் உயரத்தை விட அதன் ஆட்டத்தைத்தான் பார்க்கிறேன். நல்ல மிதவை சின்னக் குலுக்கலுக்கே துள்ளும். ஆடாமல் நின்றால் எவ்வளவு நேரம் பறந்தேன் என்ற கடிகாரக் கணக்குதான், பக்கத்து ஓடுதளத்தில் இறங்கிவிடுவேன்.