மரத்துப்போன பாதத்துக்கு எது தோது: நீச்சலா, நடையா, எடையா?

பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ முடித்துவிட்டு வருகிறவரிடம் யாரைக் கேட்டாலும் சொல்வது ஒன்றுதான்: "உடம்பை அசைங்க." எப்படி அசைப்பது என்றால் ஆளுக்கொரு பதில். சிங்கப்பூரின் ஈஷூனில் குடியிருக்கும் எனக்கு மூன்று வழிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன: பொது நீச்சல் குளம், ஈஷூன் பாண்ட் என்ற ஏரியைச் சுற்றிக் காலைநடை, ஆக்டிவ்எஸ்ஜி என்ற பொது உடற்பயிற்சிக் கூடத்தில் எடைப் பயிற்சி. நான் எடையைப் பிடித்துக்கொண்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

காசு ஒரு பொருட்டே இல்லை. நடைக்குச் செலவில்லை, மற்ற இரண்டும் ஒரு முறைக்கு மூன்று வெள்ளிக்குள் முடிந்துவிடும். மூச்சு வாங்க வைப்பதில் நீச்சலுக்கும் நடைக்கும் ஈடில்லை என்பதும் தெரிந்த கதை. என் முடிவைத் தீர்மானித்தது பாதம்.

ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றிக்கொண்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஊசி போட்ட வாரத்தில் குளிர்ந்த தம்ளரைத் தொட்டாலே விரல் சுருக்கென்று இழுக்கும். மருந்து நின்றதும் அது மெல்ல விட்டுவிடும். கால்விரலில் தொடங்கிய மரப்பு அப்படி லேசில் விடுவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டியிருக்கும் உணர்வு நரம்பணுக்களை மருந்து தாக்குகிறது. பாதத்துக்குப் போகும் நரம்புகள்தான் உடம்பிலேயே நீளமானவை, அதனால் அடி முதலில் விழுவது அவற்றின் நுனியில். போதாததற்கு, கீமோ முடிந்த பிறகும் இரண்டு மூன்று மாதம் மரப்பு கூடிக்கொண்டே போகலாம். நோய்தான் திரும்பிவிட்டதோ என்று பலர் கலங்கிப்போவது இந்தக் கட்டத்தில்தான்.

மரப்பு என்றால் வலியில்லாத தொந்தரவுதானே என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். தரை எங்கே இருக்கிறது என்று பாதம் மூளைக்குச் சொல்வதில்லை, கண்தான் சொல்லியாக வேண்டும். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. செருப்பு கழன்றது தெரியாமல் நாலடி நடந்துபோய்ப் பின்னால் வருகிறவர் கூப்பிட்டுச் சொன்னதும் உண்டு.

இந்தக் காலோடு நீச்சல் குளத்துக்குப் போனால் தண்ணீருக்குள் ஒரு குறையும் இல்லை. உடம்பு மிதக்கிறது, மூட்டுக்குச் சுகம். வில்லங்கமெல்லாம் உடைமாற்றும் அறையிலிருந்து குளத்தின் விளிம்பு வரை ஈரத் தரையில் நடக்கும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான். போதாக்குறைக்கு, சொரசொரப்பான ஓரத்தில் தோல் உரிந்தாலும் வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரியும். நம்ம ஊர் மின்னலையும் மறக்க வேண்டாம். எச்சரிக்கை வந்தால் கரையேறிக் காத்திருக்க வேண்டியதுதான்.

நடையை அப்படித் தட்டிவிட முடியாது. சாட்சி பலமாக இருப்பது அதன் பக்கம்தான். 2025இல் வெளிவந்த சேலஞ்ச் ஆய்வில், கீமோ முடித்த 889 பெருங்குடல் புற்றுநோயாளிகளில் ஒரு பாதியினருக்கு மூன்று ஆண்டு உடற்பயிற்சித் திட்டம் கொடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று நான்கு முறை முக்கால் மணி நேரம் வேகமாக நடக்கிற அளவு. ஐந்தாண்டு கழித்து நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் அந்தப் பக்கம் 80.3 விழுக்காடு, வெறும் கையேடு கொடுத்த பக்கம் 73.9. இதைப் படித்துவிட்டு நடக்காமல் இருக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் வேகமாக நடக்க முதலில் கால் நம்பிக்கையாக ஊன்ற வேண்டுமே!

அதற்குத்தான் எடை. காலால் தள்ளும் இயந்திரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டால் விழுவதற்கு இடமே இல்லை. பலகையில் பாதம் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே தள்ளலாம். தொடையும் இடுப்பும் வலுத்தால், தடுமாறும்போது கணுக்கால் தராத பிடியை அவை தருகின்றன. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவதில்தான் எனக்கு முதலில் வித்தியாசம் தெரிந்தது, அப்புறம் பேருந்துப் படியில். மரப்பு அப்படியே இருக்கிறது, எடை அதைக் குணமாக்கும் என்று நான் சொல்லவில்லை. இன்னொரு சௌகரியம், அசதி அடித்துப்போடும் நாளில் இயந்திரத்தின் எடையைத் தேர்வுசெய்யும் ஊசியை இரண்டு துளை மேலே செருகி எடையைக் குறைத்தால் போதும், பயிற்சி விட்டுப்போகாது. பாதி ஏரிக்கரையில் அசதி வந்தால் திரும்பி நடக்க வேண்டியதும் அதே தூரம்தானே.

கூடத்தில் எனக்குப் பிடிக்காதது ஏர்கான். இரும்புப் பிடியின் சில்லிப்பு விரலுக்கு ஆகவில்லை என்பதால் கையுறை போட்டுக்கொள்கிறேன்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட என் அண்ணிக்கு நீச்சல்தான். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்ததில் கை வீங்கும், தண்ணீரின் அழுத்தம் இதமாக இருக்கிறதாம். "அண்ணி, எடை தூக்கினா வீக்கம் மோசமாகாதுன்னு 2009லேயே 141 பேரை வச்சுப் பார்த்துட்டாங்க. தூக்கினவங்களுக்குத்தான் தொந்தரவு கம்மியாம்," என்றேன். "சரி தம்பி, நீங்க தூக்குங்க. நான் தண்ணியிலயே கிடக்குறேன்," என்று முடித்துவிட்டார். அவர் பாதத்தில் மரப்பு இல்லை, அவர் கணக்கு வேறு.

மலம் வெளியேற வயிற்றில் பை வைத்திருப்பவர்களுக்கு என் அனுபவம் உதவாது. எனக்குப் பை இல்லை. பைக்குப் பக்கத்தில் குடல் பிதுங்கும் அபாயம் இருப்பதால், எதையும் தூக்குமுன் அதற்கென்று இருக்கும் தாதியைக் கேட்டுவிடுங்கள். எலும்புக்கு நோய் பரவியவர்களுக்கும் மருத்துவர் சொல்லாமல் எடை வேண்டாம். எங்கே தொடங்குவது என்று புரியாதவர்கள் ஜூரோங் ஈஸ்ட் ஜெம் கட்டடத்தில் இருக்கும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கத்தின் மறுவாழ்வு நிலையத்தை விசாரிக்கலாம். புற்றுநோயாளிகளுக்கென்றே இயன்மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

இப்போதைக்கு என் ஏற்பாடு: வாரத்தில் இரண்டு நாள் எடை, மற்ற நாட்களில் வெளிச்சம் வந்த பிறகு சமதரையில் நடை, வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியில் உள்ளங்காலைப் படமெடுத்துக் காயம் பார்ப்பது. பொதுக் கூடங்களுக்குப் போவதாக இருந்தால் வேலை விட்டு ஆட்கள் வரும் மாலை நேரத்தைத் தவிருங்கள். பின்னால் ஒருவர் காத்து நிற்கும்போது மெதுவாக இறங்கி, செருப்பு இரண்டு காலிலும் இருக்கிறதா என்று பார்க்க மனசு வராது.