பிளாக்பூல் ‘கிராண்ட் நேஷனல்’: டர்பனிலிருந்து போகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் பிளாக்பூலில், பிளெஷர் பீச் பொழுதுபோக்குப் பூங்காவில் ‘கிராண்ட் நேஷனல்’ என்றொரு மர ரோலர் கோஸ்டர் இருக்கிறது. உயரம் 62 அடி, வேகம் மணிக்கு 40 மைல். ஜொகன்னஸ்பர்க் கோல்டு ரீஃப் சிட்டியில் அனகோண்டா கோஸ்டரில் ஏறிப் பழகிய பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இதில் ஏறி இறங்கிய பிறகு அந்தச் சிரிப்பு இருக்காது. சார்லஸ் பேஜ் வடிவமைத்து 1935இல் திறந்தது. இங்கிலாந்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற குடும்பம் இதற்காக ஒரு நாள் ஒதுக்கலாம். இடுப்புவலி, கழுத்துவலி உள்ளவர்கள் மட்டும் கீழே நின்று பைகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜூலை முதல் சனிக்கிழமை, ‘டர்பன் ஜூலை’ குதிரைப் பந்தயத்தன்று, கிரேவில் மைதானம் பக்கம் எப்படி இருக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அது 2,200 மீட்டர் சமதள ஓட்டம். லிவர்பூல் அருகே ஏன்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம் அப்படியல்ல. குதிரை 30 தடுப்புகளைத் தாண்ட வேண்டும். கோஸ்டரின் பெயர் அந்தப் பந்தயத்திலிருந்து வந்தது. தடத்தில் வரும் ஒவ்வொரு மேடும் ஒரு தாண்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீச்சர்ஸ் புரூக், வேலன்டைன்ஸ் என்று ஏன்ட்ரீயின் தடுப்புப் பெயர்களையே இங்கேயும் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு ரயில்கள் பக்கத்துப் பக்கமாகப் புறப்பட்டுப் போட்டி போடுகின்றன. பார்வைக்கு இரண்டு தடம் மாதிரி இருக்கும். உண்மையில் ஒரே தடம்தான், தன்னைத்தானே இரண்டு முறை சுற்றி வருகிறது. அதனால் இடப்பக்க மேடையில் ஏறியவர் வலப்பக்க மேடையில் வந்து இறங்குவார். தாத்தா பாட்டியைப் புறப்பட்ட இடத்திலேயே காத்திருக்கச் சொன்னால் தேட வேண்டி வரும். இந்த அமைப்புள்ள மரக் கோஸ்டர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணுமளவுதான். அமெரிக்காவில் கென்னிவுட் பூங்காவின் ரேசர் (1927) இன்னொன்று.

யார் ஜெயிப்பார்கள்? பாரம் கூடிய ரயிலுக்குத்தான் வாய்ப்பு அதிகம். காற்றும் உராய்வும் இழுப்பது இரண்டு ரயிலையும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான்; கனமான ரயில் அந்த இழுப்புக்கு அவ்வளவு சீக்கிரம் வேகத்தை விட்டுக்கொடுக்காது. காலையில் சக்கரத்து கிரீஸ் இறுகிக் கிடக்கும், ஓட ஓடச் சூடேறி இளகும். எனவே மாலைச் சவாரிதான் விறுவிறுப்பு. கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரே ரயிலை மட்டும் விடுவதுண்டு. அப்போது ஏறாதீர்கள். பந்தயம் இல்லாத கிராண்ட் நேஷனல் வெறும் குலுக்கல். வரிசையில் நுழையுமுன் இரண்டு பக்கமும் ஆள் ஏற்றுகிறார்களா என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இன்னொன்று, சில இடங்களில் பக்கத்து ரயில் கைக்கு எட்டுவதுபோல நெருங்கி வரும், கையை நீட்டாதீர்கள்.

அந்தக் குலுக்கல் எங்கிருந்து வருகிறது? மரக் கோஸ்டரின் தண்டவாளம் பலகைகளை அடுக்கி, மேலே இரும்புப் பட்டை அறைந்து செய்தது. பாரம் ஏறும்போதெல்லாம் அது கொஞ்சம் நெளியும். இறக்கம் முடிந்து ரயில் மறுபடி மேலே திரும்பும் அடிவளைவில்தான் அழுத்தம் அதிகம். நாள் போகப்போக அங்கே பலகை தளர்ந்து பள்ளம் விழும். பட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இடைவெளி கூடினால் பெட்டி பக்கவாட்டில் தட்டும். போதாததற்கு உப்புக்காற்று, ஆணியும் போல்ட்டும் துருப்பிடிக்கும், மரம் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும். தினமும் காலையில் ஆட்கள் தடத்தின்மேல் நடந்து பார்த்துத் தளர்ந்ததை இறுக்குவது இதனால்தான். ஏறும்போது கேட்கும் ‘டக் டக்’ சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும் நாக்கு, பல்லின்மேல் விழுகிற சத்தம் அது.

இடம் பிடிப்பதில்தான் பாதி சுகம். பெட்டிக்குள் சக்கரத்துக்கு நேர்மேலே இருக்கும் இருக்கையைத் தவிர்த்து நடு வரிசையில் உட்காருங்கள். ரயிலின் முன்பக்கம் காட்சிக்கு. பின்பக்கம் மேட்டைத் தாண்டும்போது ஆளைத் தூக்கி எறிகிற மாதிரி இழுக்கும். உடம்பை விறைப்பாக வைக்காமல் முழங்காலை லேசாக மடக்கி, தலையைப் பின்பலகையில் சாய்க்காமல் இருந்தால் கழுத்து தப்பிக்கும். இருவருக்கும் சேர்த்து ஒரே மடிக்கம்பி (மடிமேல் இறங்கிப் பிடிக்கும் கம்பி) இருக்கும் பெட்டிகளில் கனத்த அப்பாவையும் ஒல்லிப் பிள்ளையையும் சேர்த்து உட்கார வைக்காதீர்கள். கம்பி அப்பாவின் தொடையில் நின்றுவிடும், பிள்ளைக்குப் பிடிப்பே இருக்காது. மூக்குக்கண்ணாடி, போன், தாலிச்செயின் எல்லாம் கீழே நிற்பவரிடம்.

அடுத்தது தேதி. நம் டிசம்பர் பள்ளி விடுமுறையில் போனால் பூட்டிய கேட்டைத்தான் பார்க்க முடியும். சீசன் பொதுவாக நவம்பரோடு முடிகிறது. மரம் மாற்றுவதெல்லாம் குளிர்காலத்தில். நம் ஜூன்-ஜூலை விடுமுறைதான் சரி. இங்கிலாந்துப் பள்ளிகள் ஜூலை மூன்றாம் நான்காம் வாரத்தில்தான் மூடும். அதற்குமுன் வாரநாளில் போனால் வரிசை குறைவு. டர்பன் கடற்கரை நினைப்பில் அரைக்கைச் சட்டையோடு போகாதீர்கள், ஜூலையிலும் ஐரிஷ் கடல் காற்று குளிரும். பலத்த காற்றில் பூங்காவின் உயரமான பிக் ஒன் கோஸ்டரை நிறுத்திவிடுவார்கள். தாழ்வான மரக் கோஸ்டர்கள் ஓடிக்கொண்டிருக்கலாம். பக்கத்திலேயே 1923இன் பிக் டிப்பர் என்ற மரக் கோஸ்டர் இருக்கிறது, அதையும் விடாதீர்கள்.

டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் தேதி போட்டு வாங்குங்கள். ரேண்டைப் பவுண்டாக்கும்போது அந்த மிச்சமே பெரிசு. மான்செஸ்டரிலிருந்து நேராக வரும் ரயில் பிளாக்பூல் நார்த்துக்குப் போகும், அங்கிருந்து டிராமில் தெற்கே வர வேண்டும். பிரெஸ்டனில் மாறி பிளாக்பூல் சவுத் போகும் ரயிலைப் பிடித்தால் பிளெஷர் பீச் ஸ்டேஷனிலேயே இறங்கலாம். மணிக்கு ஒரு வண்டிதான், நேரம் பார்த்துப் போங்கள்.

சாப்பாட்டைச் சவாரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக் கடைகளில் மீனும் சிப்ஸும்தான் பிரதானம். வட இங்கிலாந்தில் பல கடைகள் சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். மாடு சாப்பிடாதவர்கள், சைவம் என்று சொன்னால் போதும் என்று இருந்துவிடாமல், எதில் பொரிக்கிறீர்கள் என்று கேட்டு வாங்குங்கள்.