தீவிர சிகிச்சை மருத்துவர்களுக்கான இரண்டு நாள் தொழில்நெறிப் பயிற்சி: ஒரு மதிப்புரை

தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர்களுக்காக மதுரையில், மாட்டுத்தாவணிக்கு அருகிலுள்ள விடுதி அரங்கொன்றில், சென்ற மாதம் இரண்டு நாள் பயிற்சி நடைபெற்றது. எங்கள் பிரிவின் இளம் மருத்துவர்கள் இருவருடன் நானும் சென்றிருந்தேன். திண்டுக்கல், தேனி, விருதுநகர் பகுதிகளிலிருந்தும் வந்திருந்தார்கள். மொத்தம் 24 பேர். மதிய உணவு உட்பட ஆளுக்கு 4,500 ரூபாய் கட்டணம்.

முதல் நாள் காலை முழுவதும் விரிவுரை. ஐரோப்பாவில் உருவாகி 2006-இல் வெளிவந்த கோபாட்ரைஸ் பயிற்சித் திட்டம், தீவிர சிகிச்சை மருத்துவருக்கு வேண்டிய 102 திறன்களை 12 பிரிவுகளாக வகுத்து, அவற்றுள் ஒன்றைத் தொழில்நெறிக்கென்றே ஒதுக்கியிருப்பதை விளக்கினார்கள். நம் நாட்டில் 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திலேயே மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்கெனத் தனிப் பகுதி இருப்பதையும் சொன்னார்கள். செய்திகளில் பிழையில்லை. ஆனால் திரையில் இருந்ததை அப்படியே வாசித்துக் காட்டுவதற்கு மூன்று மணி நேரம் மிக அதிகம். மதியச் சாப்பாடு வந்தபோது அரங்கில் பாதிப் பேர் கைபேசியில் இருந்தார்கள்.

மதியம்தான் கட்டணத்துக்கு உரிய பயிற்சி தொடங்கியது. நோயாளியின் உறவினராக நடிக்க இசை நாடகக் கலைஞர் ஒருவரை அழைத்திருந்தார்கள். நாடகத்துக்குப் பேர்போன மதுரையில் இந்த யோசனை ஏன் இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லை என்று வியந்தேன். 62 வயதுத் தந்தை நுரையீரல் தொற்றால் வென்டிலேட்டரில் இருக்கிறார், சிறுநீரகமும் செயலிழந்துவிட்டது, மகள் உசிலம்பட்டியிலிருந்து வந்திருக்கிறார் என்பது கதை. எங்கள் இளம் மருத்துவர் நின்றபடியே, "பி.பி. நிக்க மாட்டேங்குதும்மா, சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க" என்றார். அந்த அம்மாள் உடனே, "யாருக்குங்கய்யா சொல்லணும்? என்னன்னு சொல்லணும்?" என்று கேட்டார். மருத்துவரிடம் பதில் இல்லை. எங்கள் பிரிவில் நாள்தோறும் புழங்கும் அந்த வாக்கியம், சாவு என்ற சொல்லை மருத்துவர் உச்சரிக்காமல் உறவினர் தலையில் இறக்கி வைக்கும் வழி என்பது, 15 ஆண்டுகளாக அதையே சொல்லி வந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது.

துயரச் செய்தி சொல்வதற்கென 2000-இல் வெளியான ஸ்பைக்ஸ் முறையில் ஆறு படிகள் உண்டு. பயிற்றுநர் ஆறையும் ஒப்பிக்கச் சொல்லாமல், உறவினருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டறியும் இரண்டாம் படியை மட்டும் எடுத்துக்கொண்டது நல்ல முடிவு. மறுமுறை நம்மவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இதுவரைக்கும் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்கம்மா?" என்று தொடங்கினார். பேச வேண்டியதையெல்லாம் அந்த அம்மாள் பேசி முடித்த பிறகு, "அப்பா இறந்துபோற நிலையில இருக்காரும்மா" என்றார். அதன்பின் வாய் திறக்காமல் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒரு நிமிடம்தான் இரண்டு நாட்களிலும் கடினமான பயிற்சி.

இரண்டாம் நாள் மூளைச்சாவு பற்றியது. நான்கு மருத்துவர்கள் ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதிசெய்ய வேண்டும் என்ற சட்ட நடைமுறை அனைவரும் அறிந்ததே. ஆனால் மூளைச்சாவுச் செய்தியையும் உறுப்புக் கொடை வேண்டுகோளையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடாது, முதற்செய்தி குடும்பத்தாரின் மனத்தில் பதிந்த பிறகே அடுத்ததைப் பேச வேண்டும் என்பதை நடித்துப் பார்த்தபோதுதான், இதுவரை எவ்வளவு அவசரப்பட்டிருக்கிறோம் என்பது புரிந்தது.

பெருங்குறை, யாரை அழைத்தார்கள் என்பதில் இருக்கிறது. என்னையும் இன்னொருவரையும் தவிர மற்றவர் அனைவரும் இளையோர். செவிலியர் ஒருவர்கூட இல்லை. இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில் எழுப்பிய சிஸ்டரிடம் நான் எரிந்து விழுந்ததை அருகில் நின்று கேட்ட பயிற்சி மருத்துவர், மறுவாரம் ஆய்வக ஊழியரிடம் அதே குரலில், ஏறக்குறைய அதே சொற்களில் பேசினார். அவருக்கு அந்தப் பாடத்தை நடத்தியது நான்தான். எந்த விரிவுரையும் அதை அழித்துவிடாது. மூத்தவர்களை வீட்டில் விட்டுவிட்டு இளையவர்களுக்கு மட்டும் நடத்தும் பயிற்சி, ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பது போன்றது. பயிற்சிக்குப் பின் எங்கள் பிரிவுக்கே வந்து, நாங்கள் பேசுவதைக் கவனித்துக் குறை சொல்லும் ஏற்பாடும் இல்லை; கேட்டதற்கு, அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள்.

சாப்பாடு நன்றாக இருந்தது, ஒலிபெருக்கி படுத்தியது. அடுத்த அணியில் சேர எண்ணுவோர் முதல் நாள் மதியம் போய்ச் சேர்ந்தாலும் இழப்பில்லை. தம் பிரிவின் தலைமை மருத்துவரையும் ஒரு சிஸ்டரையும் உடன் அழைத்துவர அமைப்பாளர்கள் இசைந்தால் 4,500 ரூபாயைத் தயங்காமல் கட்டலாம். இசையாவிட்டால், அந்த நாடகக் கலைஞரைத் தம் மருத்துவமனைக்கே ஒரு பிற்பகல் அழைத்து உரிய சன்மானம் கொடுப்பது மேல். நாங்கள் அடுத்த மாதம் அதைத்தான் செய்யவிருக்கிறோம். முதலில் நாற்காலியில் உட்காரப் போவது நான்.