ஹாக்கிங்கா, வைன்பெர்க்கா, ஓபன்ஸ்டாக்ஸா? பிளஸ் ஒன் பையனுக்கு எது மொதல்ல

கொழிஞ்சாம்பாறைல இருக்கற அக்கா பையன் இந்த வருஷம் பிளஸ் ஒன், பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், "மாமா, பெருவெடிப்பு பத்தி படிக்கணும், எந்த புக் வாங்கறது"ன்னு கேட்டான். எல்லாரையும் போல நானும் ஹாக்கிங்கோட எ ப்ரீஃப் ஹிஸ்டரி ஆஃப் டைம் தான் குடுத்தேன். ஆசையா ஆரம்பிச்சவன் கற்பனை நேரம் வர்ற எடத்துல, அதாவது நேரத்த கற்பனை எண்ணால அளக்கற எடத்துல, நின்னுட்டான். அவன் மேல தப்பே இல்ல. ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் விற்பனை பாதியாகும்னு யாரோ சொன்னாங்கன்னு ஈ ஈக்வல்ஸ் எம்சி ஸ்கொயர் மட்டும் வெச்சுட்டு மிச்சத்த வார்த்தைலயே ஓட்டியிருக்கார், அதனால படிக்கறப்ப புரிஞ்ச மாதிரியே இருக்கும், திருப்பிச் சொல்லுன்னா வாய்ல வராது.

இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க்கோட த ஃபர்ஸ்ட் த்ரீ மினிட்ஸ் வேற ரகம், 1977ல வந்தது, சின்ன புக்கு. பெருவெடிப்பு நடந்து செகண்டுல நூத்துல ஒரு பங்கு ஆன எடத்துல ஆரம்பிக்கறார், அப்ப வெப்பநிலை பத்தாயிரம் கோடி டிகிரி, அங்கருந்து படிப்படியா ஆறவிட்டு ஹீலியம் எப்படி உருவாச்சுன்னு காரணத்தோட கொண்டு வந்து நிறுத்தறார். கணக்கு வேணும்கறவங்களுக்கு கடைசில தனியா இருக்கு. ஒரே கொறை, பிரபஞ்சம் வேகமெடுத்து விரியுதுன்னு 1998ல தெரிஞ்சது இதுல இருக்காது, அத நாமதான் சொல்லிக் குடுக்கணும்.

ஆனா மொதல்ல எதுன்னா என் ஓட்டு ஓபன்ஸ்டாக்ஸ் அஸ்ட்ரானமிங்கற வானியல் பாடப்புத்தகத்துக்குத்தான். காசே வேண்டாம், பிடிஎஃப் போன்லயே எறங்கிடும், குண்டு புக்கு, வரிசையா படிக்கணும்னு இல்ல. இங்லீஷும் எளிமை. அஞ்சாவது சாப்டர்ல வீன் விதி வரும், 30 லட்சத்த ஒரு நட்சத்திரத்தோட கெல்வின் வெப்பநிலையால வகுத்தா அதோட ஒளி உச்சமா வர்ற அலைநீளம் நானோமீட்டர்ல கெடைக்கும், அவ்வளவுதான். தை மாசம் ராத்திரி எட்டு மணிக்கு மொட்ட மாடில ரெண்டு பேரும் நின்னோம், பாலக்காட்டுக் காத்து நோட்டப் பறக்கடிக்குது, கிழக்கால கரிம்பனைக்கு மேல திருவாதிரை செக்கச்செவேல்னு. அதோட வெப்பநிலை 3500 கெல்வின்னு சொன்னேன், வகுத்தான், 857 நானோமீட்டர். "மாமா, இது கண்ணுக்குத் தெரியற செவப்பையும் தாண்டிப் போகுதே, அகச்சிவப்பு!"ன்னான். நான் கேக்காமயே கொஞ்சம் தள்ளி இருக்கற ரைஜல்ங்கற நட்சத்திரத்துக்கும் போட்டான், 12,000க்கு 250, புற ஊதா, உச்சம் நீலத்துப் பக்கம் இருக்கறதாலதான் அது நீலமா தெரியுது. ஹாக்கிங் புக்குல இந்த சந்தோஷம் அவனுக்குக் கெடைக்கல, அத பிளஸ் டூ முடிச்சுட்டுக்கூட படிச்சுக்கலாம்.

போன வாரம் வைன்பெர்க்க எடுத்தான். பெருவெடிப்போட மிச்சமா பிரபஞ்சம் பூரா நெறஞ்சிருக்கற 3 கெல்வின் கதிர்வீச்சு வந்ததும் அதே கணக்கப் போட்டுட்டு ராத்திரி பதினொரு மணிக்கு போன் பண்றான், "மாமா, ஒரு மில்லிமீட்டர் வருது, சரிதானே?"