சிலிண்டரைத் திருப்பிப் பார்க்காமல் விட்டேன்

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு முதல் ரைஃபிள் வாங்கப் போய் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாயைத் தொலைத்தவன் எழுதுகிறேன். சென்னையில் பிள்ளைகளை 10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றுத் துப்பாக்கி) பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் யாராவது, பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட்டால் நல்லது.

கோச் முதல் வாரமே சொன்னார்: "ஆறு மாசம் கிளப் ரைஃபிள்லயே சுடட்டும் சார். பாப்பா இன்னும் உயரம் கூடும்." கேட்டிருக்கலாம். ஆனால் ஒரு ரைஃபிளுக்கு நாலு பிள்ளைகள் முறை வைத்துக் காத்து நிற்பதைத் தினமும் பார்த்தால் மனசு கேட்கிறதா?

முதலில் ஒரு கடைக்குப் போனேன். ஸ்பிரிங் ரைஃபிள் ஒன்றை, மேலே ஸ்கோப் மாட்டி, எடுத்து வைத்தார்கள். "ஆயிரம் அடி ஸ்பீடு சார், காம்படிஷனுக்கே இதுதான்." அந்த அளவு ஏமாளி இல்லை நான். போட்டி ரைஃபிளில் பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, நொடிக்கு 570 அடி, அதாவது 170, 175 மீட்டர் வேகத்தில்தான் போகும். இலக்கு அட்டையில் பத்து மதிப்பெண் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அதற்கு வேகம் எதற்கு? சுடும்போது துள்ளாத துப்பாக்கிதான் வேண்டும். ஸ்பிரிங் விடுபடும் அதிர்ச்சியிலேயே குறி நகர்ந்துவிடும். ஸ்கோப்புக்குப் போட்டியில் இடமே கிடையாது. சிறு துளை வழியே குறி பார்க்கும் பீப் சைட்தான், பள்ளிப் போட்டிகளில் துளையில்லாத ஓபன் சைட் பிரிவும் உண்டு. அவர்கள் கூடக் கொடுத்த பெல்லட்டும் கூர்முனை. தட்டைமுனை பெல்லட்தான் அட்டையில் வட்டமாக ஓட்டை போடும், மற்றது கிழித்துவைக்கும். இதையெல்லாம் எடுத்துச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு படியிறங்கியபோது எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்தது. அந்தத் தெம்புதான் கெடுத்தது.

அடுத்த வாரம் ஒருவர் போன் செய்தார். பழைய ஷூட்டர் என்று அறிமுகம் செய்துகொண்டார். ஜெர்மன் போட்டி ரைஃபிள், சொந்தக்காரர் வெளிநாடு போகிறார், புதிதாக வாங்கினால் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்றார். மொட்டை மாடியில் அட்டை கட்டி அவரே ஐந்து சுட்டுக் காட்டினார். ஐந்தும் ஒரே ஓட்டை போல இருந்தது. "பாப்பாவுக்கு ராசியான கன் சார்." மகளைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னேனா? இல்லை. அவளை அழைத்துக்கொண்டே போகவில்லை. சர்ப்ரைஸாம்.

ரசீது கேட்டேன். "இதுக்கு லைசென்ஸே வேணாமே சார், ரசீது எதுக்கு?" என்றார். லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மைதான், 4.5 மில்லிமீட்டர் குழல், சுடும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. அதற்கும் ரசீதுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது வாயில் வரவில்லை, வீட்டுக்கு வரும் வழியில்தான் வந்தது.

மறுநாள் ரேஞ்சில் காற்று நிரப்பக் கொடுத்தோம். அங்கே உதவிக்கு இருக்கும் பெரியவர், குழலுக்கு அடியில் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டரைக் கழற்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மெதுவாகத் திருப்பினார். அடிப்பக்கம் சின்ன எழுத்தில் தயாரித்த மாதமும் வருடமும் பொறித்திருந்தது. 2011. "இதுல காத்து அடிக்க மாட்டேன் தம்பி," என்றார்.

இந்த விஷயம் எனக்குத் தெரியாது. இந்தச் சிலிண்டர்களுக்குப் பத்து வருடம்தான் ஆயுள். உள்ளே 200 பார் அழுத்தம். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். அந்த அழுத்தத்தில் நிரப்பி நிரப்பி உலோகம் களைத்துப்போகும், வெளியே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். சுடும்போது அது இருப்பது பிள்ளையின் கைக்குப் பக்கத்தில், முகத்துக்கு முன்னால். உலகப் போட்டி விதியிலேயே சிலிண்டர் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வது வீரரின் பொறுப்பு என்று இருக்கிறது. புதுச் சிலிண்டர் வரவழைக்க இருபத்தைந்தாயிரம் தாண்டும் என்றார்கள்.

சரி, அதையும் போட்டுக்கொள்ளலாம் என்று, கிளப்பில் அதே மாடல் சிலிண்டர் ஒன்றை இரவல் வாங்கி மாட்டினோம். சாயங்காலம் மீட்டரில் 180. காலையில் 110. உள்ளே ஏதோ சீல் போயிருக்கிறது. விற்றவருக்குப் போன் செய்தால், "மெட்ராஸ் வெயிலுக்கு பிரஷர் குறையத்தான் சார் செய்யும்" என்கிறார். பக்கத்தில் நின்ற மகள், "அப்பா, சூடானா பிரஷர் ஏறும்ப்பா" என்றாள்.

அப்புறம்தான் அவள் அதைத் தோளில் வைத்துப் பார்த்தாள். ஆறடி ஆளுக்கு அமைத்த கட்டை. தோளில் பதியும் பட் பிளேட்டை எவ்வளவு உள்ளே தள்ளியும் கழுத்தை நீட்டினால்தான் பீப் சைட்டுக்குக் கண் எட்டுகிறது. பழகினால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். பழகினால் இன்னும் மோசம் என்றார் கோச். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, அது அவர் பெருந்தன்மை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "நீங்க பார்த்துதானே சார் வாங்கினீங்க" என்றார் விற்றவர். நாலாம் நாள் எண் நாட் ரீச்சபிள். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினால் முதலில் ரசீதைத்தானே கேட்பார்கள்? எண்பதாயிரத்தை ரொக்கமாகக் கொடுத்தேன். மீதி போனது அவர் சொன்ன வேறு யாரோ ஒருவர் எண்ணுக்கு.

மகள் கிளப் ரைஃபிளில்தான் சுடுகிறாள், வரிசையில் நின்றுதான். ரைஃபிள் பரண் மேல் இருக்கிறது.

இந்த வாரம் பெற்றோர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு விற்பனைச் செய்தி சுற்றுகிறது. சொந்தக்காரர் வெளிநாடு போகிறார், அவசர விற்பனை, ராசியான கன். எண் வேறு, எழுத்து நடை அதே. ஏழு படங்கள் போட்டிருக்கிறார்கள். சிலிண்டரில் தேதி பொறித்த பக்கம் மட்டும் ஒன்றிலும் இல்லை.